சிறு வீடும் சில பிழைகளும்

பிழை செய்யாத மனிதன் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளாதார் எவருமில்லர். ஆனால், தம் வீட்டுப் பிள்ளை கண்ணெதிரே ஒரு பிழை செய்யும்போது அதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க வல்லவர் நம்முள் எத்தனை பேர்? இக்கேள்வியை நம்மை நோக்கி நாமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது ஓர் அட்டைப் பொம்மை வீட்டின் பொருட்டு. மார்க்கமும் இலக்கியமும் பேசும் இவ்விதழில் குழந்தைகளின் விளையாட்டு வீட்டுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. பெரிய காரியங்களில் மறைந்து கிடப்பது சிறிய காரியங்களில் சில வேளை கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

சென்ற கோடை விடுமுறையில் நம் மகள் வயிற்றுப் பேத்தி, எட்டு வயதுச் சிறுமி, மதுரையிலுள்ள நம் இல்லத்துக்கு வந்திருந்தாள். லுஹருக்கும் அஸருக்கும் இடையே தெருவில் தலைகாட்ட இயலாத வெயில். மின்விசிறி வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்று பரணில் கிடந்ததைக் கண்டுபிடித்து இறக்கச் சொன்னாள். "நன்னா, நான் ஒரு வீடு கட்டப் போறேன். மாடி வீடு" என்றாள். வீட்டிலிருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகள், காலித் தீப்பெட்டிகள், தையற்காரர் கொடுத்த துண்டுத் துணிகள், அவள் நன்னி காய்ச்சிக் கொடுத்த மைதாப் பசை ஆகியவையே கட்டுமானப் பொருள்கள். கொத்தனாரும் அவளே, தச்சரும் அவளே, வீட்டுக்கு உடையவளும் அவளே.

பொம்மை வீடு என்றதும் இது மேனாட்டுச் சரக்கு என்று எண்ணுவாரும் உளர். அவ்வாறன்று. தெருமணலைக் குவித்துச் சிறுமியர் வீடு கட்டி விளையாடுவதைச் சங்கப் பாடல்களே பேசுகின்றன. அதற்குச் சிற்றில் என்று பெயர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் மூன்றனுள் ஒன்று சிற்றிற் பருவம். தாங்கள் கட்டிய சிறு வீட்டைக் காலால் சிதைத்துவிட வேண்டாம் என்று பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையைச் சிறுமியர் வேண்டிக்கொள்வதாக அப்பருவம் அமையும். நம் புலவர் பெருமக்கள் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கின்றனர். ஆக, சிறு வீடு கட்டுதல் இம்மண்ணின் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை போன்றது. மணல் வீடு சரிந்தால் அழுவார் இல்லை. மணலில் ஈரம் போதவில்லை என்று அறிந்து மறுபடி கட்டுவார்கள். சரிந்ததற்கு எவரும் அவர்களைக் கோபித்துக்கொண்டதும் இல்லை.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்ற ஐயமும் சிலருக்கு எழலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், உடன் விளையாட வந்த தோழியர் நபிகளாரைக் கண்டு நாணி ஒளிந்துகொண்டபோது அவர்களை மீண்டும் விளையாட அனுப்பி வைத்ததும் புகாரி முதலிய நூல்களில் பதிவாகியுள்ளன. இதனை ஆதாரமாகக் கொண்டு சிறுமியரின் விளையாட்டுப் பொம்மைகளுக்குப் பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் இடமளித்தனர். மாற்றுக் கருத்துடையோரும் உளர். நாம் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புவது அபூதாவூதில் வரும் மற்றொரு செய்தி.

நபிகளார் ஒரு படையெடுப்பிலிருந்து திரும்பி வந்த சமயம். காற்றில் திரை விலக, அன்னையாரின் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணித்துண்டால் இரு சிறகுகள் வைத்த ஒரு குதிரை நின்றது. அது என்ன என்று வினவினார்கள். குதிரை என்றார் அன்னையார். அதன் மேலே இருப்பவை யாவை என்று வினவினார்கள். சிறகுகள் என்று விடை வந்தது. குதிரைக்குச் சிறகா என்று வியந்து கேட்டார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்க, நபிகளார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இந்நிகழ்ச்சியைப் பாடம் சொல்லும்போதெல்லாம் பொம்மை கூடுமா, கூடாதா என்ற சட்டத்தை மட்டுமே நாம் விளக்கி வந்தோம். கேள்விகளின் வரிசையைக் கவனித்ததில்லை. உலகுக்கே ஆசானாக வந்த பெருமானார் அக்குதிரையைக் கையிலெடுத்துச் சிறகுகளைப் பிய்த்துத் திருத்தவில்லை. கேட்டார்கள், விடை வரும்வரை காத்தார்கள், விடையைக் கேட்டு மகிழ்ந்தார்கள். அவ்வளவே.

இனிப் பேத்தியின் வீட்டுக்கு வருவோம். ஐந்து நாள்களில் அவள் செய்த பிழைகளைக் கணக்கெடுத்தால் ஒரு கட்டடப் பாடநூலே எழுதலாம். சுவர்களை நிறுத்தி ஒட்டிவிட்டு, அதன் பிறகு அவற்றின் உட்புறத்தில் வண்ணத்தாள் ஒட்ட முனைந்தாள். மூலைகளுக்குள் விரல் நுழையவில்லை. தாள் சுருங்கி, மடிப்பு விழுந்து, அறையின் நான்கு மூலைகளும் கசங்கிப் போயின. சுவர் படுத்திருக்கும்போதே அதற்கு உடை உடுத்தியிருக்க வேண்டும் என்பது அப்போது அவளுக்கு விளங்கிற்று. அடுத்த சுவரைத் தரையில் கிடத்தி ஒட்டினாள். தாள் வழவழவென்று அமைந்தது. ஆனால் மறுநாட் காலை அச்சுவர் வில்லைப் போல் வளைந்து கிடந்தது. பசையின் ஈரத்தால் விரிந்த தாள், மதுரை வெயிலில் விரைந்து காய்ந்து சுருங்கும்போது அட்டையையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. அவள் அதனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு தானாகவே மறுபுறத்திலும் ஒரு தாளை ஒட்டி, நம்முடைய கனத்த அரபு அகராதியைப் பாரமாக வைத்தாள். இருபுறமும் சமமாக இழுபட்டுச் சுவர் நிமிர்ந்தது. புத்தகம் கட்டும் தொழிலாளர்கள் அட்டைக்கு உட்புறமும் தாள் ஒட்டுவதன் காரணத்தை, நூல்களோடே வாழும் நாம் அன்றுதான் அறிந்துகொண்டோம்.

கதவில் ஒரு பிழை நேர்ந்தது. தீப்பெட்டிக் கட்டிலை ஒட்டியாயிற்று. பிறகு கதவை வெட்டினாள். கதவு உட்பக்கம் திறந்து கட்டிலில் முட்டி நின்றது. அளவில் ஒரு பிழை நேர்ந்தது. திருவிழாக் கடையில் வாங்கிய சொப்புகளைச் சமையலறையில் வைத்துப் பார்த்தாள். சோற்றுப்பானை கட்டிலைவிடப் பெரிதாயிருந்தது. "இந்த வீட்டுல பானைக்குள்ளதான் படுக்கணும் போல" என்று அவளே சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கட்டைவிரல் நீளமுள்ள ஒரு பொம்மையை எடுத்து நிறுத்தி, இனி எல்லாம் இவளுக்குத்தான் என்று முடிவு செய்தாள். வாசல் அப்பொம்மையைவிடச் சற்று உயரம். கட்டில் அவளைவிடச் சற்று நீளம். சன்னல் அவள் தோளுக்கு நேர். வீட்டுக்குள் வாழப்போகிறவரையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்ற உண்மை அவளுக்கு ஒரு பானையினால் கிட்டியது.

எல்லாவற்றினும் பெரிய பிழை மாடியில் நேர்ந்தது. மேல்தளத்தை ஒட்டி, அங்கே தொழுகைக்கு ஓர் அறையும் அமைத்து, தொழுகை விரிப்பும் போட்ட பிறகுதான் மாடிக்கு ஏற வழியே இல்லை என்பது தெரிந்தது. படிக்கட்டு வைக்கக் கீழே இடமில்லை. மேலே திறப்பு இல்லை. அவள் நெடுநேரம் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருந்தாள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லவே எழுந்து போய்விட்டாள்.

பிழையைக் கண்ட பின் கையைக் கட்டிக்கொண்டிருப்பது நம் தொழிலுக்கு ஆகாத காரியம். முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பிறர் பிழையைத் திருத்தியே உண்டு வாழ்பவர் நாம். அன்றிரவு இஷாத் தொழுது வந்ததும், குழந்தை உறங்கிவிட்டதை உறுதிசெய்துகொண்டு, கத்தியும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். கசங்கிய மூலைகளைப் பிரித்துப் புதுத்தாள் ஒட்டினோம். கட்டிலை இடம் மாற்றினோம். மேல்தளத்தில் சதுரமாகத் திறப்பு வெட்டி, அட்டையை மடித்து மடித்துப் பன்னிரண்டு படிகள் அமைத்தோம். நள்ளிரவு கடந்துவிட்டது. நம் கைவண்ணத்தை நாமே வியந்துகொண்டு படுத்தோம்.

காலையில் அவள் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு நன்னா" என்றாள். ஒழுக்கமாக வளர்க்கப்பட்ட பிள்ளையாதலால் நன்றியும் சொன்னாள். பின்னர் அதைத் தொடவே இல்லை. இரண்டு நாள் கழித்து, ஏன் விளையாடவில்லை என்று கேட்டோம். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அது நீங்க கட்டின வீடு. படி எங்க வைக்கணும்னு எனக்குப் படுக்கும்போதே தெரிஞ்சிருச்சு. வெளிப்பக்கமா வைக்கலாம்னு இருந்தேன்."

வெளிப்பக்கமாக! மேல்தளத்தை வெட்ட வேண்டியதில்லை. கட்டிலை அசைக்க வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளுக்கு மாடிப்படி வெளிச்சுவரை ஒட்டித்தானே ஏறுகிறது! நம்முடைய திருத்தத்தைவிட அவளுடைய திருத்தமே சிறந்ததாயிருந்தது. அதுகூடப் பெரிதன்று. தன் பிழையைத் தானே கண்டு தானே கடந்துவரும் இன்பம் அவளுக்காகக் காத்திருந்தது. அதை நாம் இரவோடிரவாகத் திருடிவிட்டோம். அன்பின் பெயரால் செய்தோம் என்பதனால் திருட்டு, திருட்டு அல்லாமற் போய்விடுமா?

இச்சிந்தனையில் இருந்தபோது மதுரையை அடுத்த விளாச்சேரி நினைவுக்கு வந்தது. பசுமலைக்கும் திருநகருக்கும் அண்மையிலுள்ள அவ்வூரில் வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மண்பொம்மைகள் செய்து வருகின்றனர். நவராத்திரிக் கொலுவுக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் வேண்டிய பொம்மைகள் அங்கிருந்து பல ஊர்களுக்கும் போகின்றன. அவற்றுள் சமயச் சார்பான உருவங்களில் நமக்கு உடன்பாடில்லை என்பது வேறு. மண்ணோடு அவர்கள் பழகும் முறையில் நமக்குப் பாடமுண்டு. பிசைந்த களிமண் ஈரமாயிருக்கும்வரை எந்தப் பிழையும் பிழையன்று. மூக்குக் கோணினால் விரலால் தள்ளிவிடலாம். கீறல் விட்டால் களிமண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி மூடலாம். முற்றும் கெட்டுப்போனால் மறுபடி பிசைந்துவிடலாம், மண் வீணாவதில்லை. வெயிலில் வைத்து அவசரமாக உலர்த்தினால் மேற்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும். ஆகவே நிழலில் மெல்ல உலர்த்துவர். காய்ந்த மண்ணின் மேல் ஈரமண்ணை அப்பினால் ஒட்டாது. சூளையில் வைத்துச் சுட்ட பிறகோ திருத்தம் என்பதே இல்லை. அப்போது கீறலைச் சுண்ணத்தால் நிரப்பி, மேலே வண்ணம் பூசி மறைக்க மட்டுமே முடியும். பார்ப்பவர் கண்ணுக்குப் பொம்மை முழுமையாயிருக்கும். விரிசல் உள்ளே இருக்கும்.

சுட்ட பானையோட்டைப் போல் ஓசை தரும் களிமண்ணினின்று மனிதனைப் படைத்ததாகத் திருமறை (55:14) கூறுகிறது. நம் மூலமே மண்தான். குழந்தைப் பருவம் என்பது அம்மண்ணின் ஈரப்பருவம். அப்பருவத்தில் செய்யும் பிழை விரலுக்கு வசப்படும். அதை அவசரப்பட்டு வெயிலில் வைத்தோமாயின் வெடிப்பு நம்முடைய கைவேலையாகிவிடும்.

பெரியவர்களின் உலகில் திருத்தத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்ட ஒரு வரலாறு உண்டு. உலகிலேயே புகழ்பெற்ற பொம்மை வீடு இங்கிலாந்தில் வின்ட்சர் மாளிகையில் இருக்கிறது. அரசி மேரிக்காக 1921 முதல் 1924 வரை அமைக்கப்பட்டது. எல்லாப் பொருள்களும் உண்மை அளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும், நூலகத்தில் விரலளவு நூல்கள் உண்டு. 1924இல் வெம்பிளியில் நடந்த பேரரசுப் பொருட்காட்சியில் அதனைப் பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். அதை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். புதுதில்லியில் இன்று குடியரசுத் தலைவர் வாழும் மாளிகையை வடிவமைத்தவரும் அவரே.

அந்தத் தில்லி மாளிகையில் அவருக்கு ஒரு பிழை நேர்ந்தது. ரைசினா மேட்டின் உச்சியில் மாளிகை. அதற்கு முன்னே இருபுறமும் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த தலைமைச் செயலகக் கட்டடங்கள். அவற்றின் நடுவே ஏறிச் செல்லும் சாலை. அச்சாலையின் சரிவுக்கு இருவரும் 1913இல் ஒப்புக்கொண்டனர். அந்தச் சரிவில் கீழிருந்து பார்த்தால் மேட்டின் விளிம்பு மாளிகையை மறைத்துவிடும் என்பதை லட்யன்ஸ் அப்போது கவனிக்கவில்லை. வேலை வளர்ந்து 1916 வாக்கில் உண்மை தெரிந்தது. சரிவை மாற்றித் தருமாறு அரசிடம் மன்றாடினார். செலவு மிகுதி என்று மறுத்துவிட்டனர். அதன் பொருட்டு நெடுநாள் நண்பரான பேக்கரோடு கொண்ட பகை பல ஆண்டுகள் நீடித்தது. இன்றும் மேட்டின் அடியில் நின்று நோக்குவார்க்குக் குவிமாடத்தின் மேற்பகுதி தெரிகிறதேயன்றி மாளிகை தெரிவதில்லை. அரசிக்குக் கட்டிய சிறு வீட்டில் சாய்வு தவறியிருந்தால் ஒரு பலகையைக் கழற்றி மாட்டியிருப்பார். தில்லியில் ஒரு மலைச்சரிவும் ஒரு நட்பும் விலையாகக் கேட்கப்பட்டன. ஒரு குழந்தை தன் கதவைக் கட்டிலில் முட்டிக்கொள்ளும் நாளே அப்பாடத்துக்கு மலிவான நாள் என்று நாம் சொல்வதன் காரணம் இதுவே.

அவ்வாறாயின் பிழை புகழத்தக்கதா? அல்ல. இங்கே சொற்களைப் பிரித்துணர வேண்டும். அறியாது நேர்வதை அரபியில் கதஉ என்பர். வேண்டுமென்றே செய்வதை அம்து என்பர். தவறிச் செய்துவிட்டவற்றில் உங்கள் மீது குற்றமில்லை, உள்ளம் நாடிச் செய்தவற்றிலேயே குற்றமுண்டு என்னும் கருத்தைத் திருமறை (33:5) தெளிவாக்குகிறது. தீர்ப்பளிப்பவர் முயன்று ஆராய்ந்து சரியான முடிவு கண்டால் இரு கூலி. முயன்றும் தவறிவிட்டால் ஒரு கூலி என்று நபிகளார் அறிவித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தவறிய முயற்சிக்கும் கூலி வழங்கும் மார்க்கம் நம்முடையது. அக்கூலி முயற்சிக்கு உரியதேயன்றித் தவறுக்கு உரியதன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றுவிட்டவர் கொலைகாரர் ஆகார். ஆயினும் இறந்தவரின் குடும்பத்தாருக்கு ஈட்டுத்தொகை கொடுத்தாக வேண்டும் என்று திருமறை (4:92) விதிக்கிறது. பிழையால் பிறருக்கு நேர்ந்த இழப்பை, தெரியாமல் செய்துவிட்டேன் என்ற ஒரு சொல்லால் துடைத்துவிட முடியாது. தன் பிழை தன் வீட்டுச் சுவரோடு நின்றால் சிரித்துவிட்டுத் திருத்தலாம். பிறர் மேல் விழுந்திருந்தால் திருத்துவதோடு ஈடும் செய்ய வேண்டும். இந்தச் சட்டத்தை எத்தனையோ மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறோம். அது நம்மைக் குறித்தும் பேசுகிறது என்பதை இப்போதுதான் உணர்ந்தோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

பிழையின் முதல் வரலாறே ஒப்புக்கொண்டவரையும் ஒப்புக்கொள்ளாதவனையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டுகிறது. ஆதம் (அலை) அவர்களும் தவறினார்கள், இப்லீசும் தவறினான். எங்களுக்கு நாங்களே அநீதி செய்துகொண்டோம் என்று ஆதமும் ஹவ்வாவும் (7:23) இறைஞ்சினர். ஷைத்தான் ஏமாற்றினான் என்பது உண்மையாயிருந்தும் அதைத் தம் மன்றாட்டில் அவர்கள் சொல்லவில்லை. இப்லீசோ, நீ என்னை வழிதவறச் செய்தாய் என்று (7:16) படைத்தவன் மீதே பழியைப் போட்டான். இருவரையும் பிரித்தது பிழையின் பருமன் மட்டுமன்று. அது தன்னுடையது என்று ஏற்கும் துணிவுமாகும். ஏற்றவருக்கு மீட்சி கிட்டியது. ஏற்காதவனுக்குத் திருந்தும் வழியே அடைபட்டது.

தொழுகையையே எடுத்துக்கொள்வோம். அடியான் இறைவன் முன் நிற்கும் அந்த உயர்ந்த வேளையிலும் பிழை நேரும் என்பதை ஷரீஅத் முன்கூட்டியே எதிர்பார்த்து அதற்கு வழியும் வகுத்துள்ளது. நான்கு ரக்அத்துத் தொழுகை ஒன்றில் நபிகளார் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். அபூபக்ரும் உமரும் (ரலி) வாய்திறக்கத் தயங்கினர். துல்யதைன் என்னும் தோழர், தொழுகை சுருக்கப்பட்டதா, தாங்கள் மறந்தீர்களா என்று கேட்டார். பெருமானார் மற்றவர்களிடமும் விசாரித்து, எஞ்சியதைத் தொழுது, இரு ஸஜ்தாக்கள் செய்தார்கள். உம்மத்துக்குச் சட்டம் கற்பிக்கவே இறைவன் அம்மறதியை ஏற்படுத்தினான் என்பர் மேலோர். ஸஜ்தா ஸஹ்வு என்று நாம் இன்றும் செய்வது அதுவே. தராவீஹில் ஓதும் ஹாபிழ் இடறினால் பின்னிருந்து ஒருவர் லுக்மா கொடுக்கிறார்; அவர் எடுத்துக்கொண்டு மேலே ஓதுகிறார். சபை நடுவே பிழை வெளிப்படுகிறது. சபை நடுவே திருத்தப்படுகிறது. எவர் மானமும் போவதில்லை. பிழையை வெளிச்சத்தில் வைத்து அச்சமின்றித் திருத்திக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டைத் தொழுகைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பள்ளிவாசலுக்கு வெளியே நாம் பிள்ளைகளின் பிழைக்குப் பிரம்பை எடுத்தது எவ்வாறு?

இனி, பின்னர்ச் சொல்வதாகக் கூறியதைச் சொல்லிவிடுகிறோம். நாம் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய இளமைக் காலம். மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் ஒரு சிற்றூர் மதரஸா. ஹிப்ழு ஓதிய மாணவர்களுள் ஒருவர் கூரிய அறிவும் இனிய குரலும் உடையவர். குர்ஆனில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் ஆயத்துகள் பல உண்டு. ஓதுபவர் நாவு ஓர் அத்தியாயத்தினின்று மற்றோர் அத்தியாயத்துக்குத் தாவிவிடும் இடங்கள் அவை. அவ்விடங்களில் தவறுபவர்களுக்கு நம் பிரம்பு தவறாது கிட்டும். சில மாதங்களில் அம்மாணவர் தவறுவதே இல்லை. நாமும் பெருமைப்பட்டோம். உண்மையில் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஐயமான இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, விரைந்து, முணுமுணுத்துக் கடந்துவிடுவார். நாற்பது பிள்ளைகளின் ஓசை நடுவே நம் செவிக்கு அது எட்டவில்லை. பிழை ஒழிந்துவிட்டது என்று நாம் நினைத்தோம். அது ஒளிந்துகொண்டுதான் இருந்தது.

முதன்முறையாகத் தராவீஹுக்கு அவர் முன்னிறுத்தப்பட்ட ரமலானில், ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அத்தகைய ஓரிடத்தில் இடறினார். பின்னிருந்து முதியவர் ஒருவர் முறைப்படி லுக்மா கொடுத்தார். எடுத்துக்கொண்டு ஓதியிருக்கலாம், எத்தனையோ ஹாபிழ்கள் செய்வதுதானே! அவரால் முடியவில்லை. உடல் நடுங்கிற்று. லுக்மா கொடுத்த குரல் அவர் காதில் பிரம்பாக விழுந்திருக்க வேண்டும். ருகூவுக்குச் சென்றுவிட்டார். மறுநாள் வரவில்லை. அதன் பிறகு எந்தத் தொழுகைக்கும் அவர் முன்னே நின்றதில்லை.

மாணவரைக் கடுமையாக நடத்துவதன் தீங்கைப் பற்றி இப்னு கல்தூன் (இறப்பு 1406) தம் முகத்திமாவில் தனியே ஓர் இயல் எழுதியுள்ளார். கடுமைக்கு ஆளாகி வளரும் பிள்ளையின் உள்ளம் ஒடுங்கும். தன்மீது கை ஓங்கப்படுமோ என்ற அச்சத்தால் உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டப் பழகும். பொய்யும் சூதும் அதற்கு இயல்பாகிவிடும் என்பது அவர் கருத்து. இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) இஹ்யாவில், ஓதி முடித்த பிள்ளையை விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்துக் கல்வியையே சுமத்துவது அதன் உள்ளத்தைச் சாகடிக்கும் என்று எச்சரிக்கிறார். பிள்ளை ஒரு தவற்றை வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டால் முதன்முறை அதைக் காணாததுபோல் விட்டுவிட வேண்டும் என்பதும் அவர் அறிவுரை. இவ்விரு நூல்களும் அந்நாளிலும் நம் அலமாரியில் இருந்தன. படித்தும் இருந்தோம். படித்ததற்கும் பிரம்புக்கும் இடையே ஒரு மாடிப்படி இல்லாமற் போயிற்று.

பேத்தி ஊருக்குப் போன மறுவாரம் அம்மாணவரைத் தேடிச் சென்றோம். இப்போது அவருக்கே மணமாகும் பருவத்தில் பிள்ளைகள் இருக்கின்றனர். சிறு வணிகம் செய்கிறார். எழுந்து நின்று வரவேற்று, அமரச் செய்து, தேநீர் வரவழைத்தார். வந்த காரியத்தைச் சொன்னோம். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், அடி எனக்கு மறந்துபோச்சு. நான் முழுங்கி ஓதினப்ப நீங்க மாஷா அல்லாஹ்னு சொல்வீங்களே, அதுதான் மறக்கல" என்றார். மன்னித்தாயிற்று என்றும் சொன்னார். மன்னிப்பு அவருடைய பெருந்தன்மை. இழந்த முப்பது ரமலான்களுக்கு ஈடாக நம்மால் எதைக் கொடுக்க இயலும்? தினமும் சுப்ஹுக்குப் பின் இருவரும் ஒருவர்க்கொருவர் அரை ஜுஸ்உ ஓதிக் காட்டுவது என்று முடிவு செய்தோம். தொலைபேசி வழியாக அது நடந்து வருகிறது. ஐயமான இடம் வரும்போது அவர் இன்னமும் குரலைத் தாழ்த்துகிறார். நாம் காத்திருக்கிறோம். நாமும் தவறுகிறோம், அப்போது அவர் லுக்மா கொடுக்கிறார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் முன்னோர் சொல்வர். ஆறுதலுக்காக மட்டும் அதனை எடுத்துக்கொள்கிறோம். சறுக்கிய யானை அடுத்த அடியை வைக்குமுன் தும்பிக்கையால் தரையைத் தொட்டுப் பார்க்கிறதே, அதை மறந்துவிடுகிறோம். ஒரே பொந்தில் இறைநம்பிக்கையாளர் இருமுறை கொட்டுப்படுவதில்லை என்ற கருத்தில் அமைந்த நபிமொழியும் இதைத்தான் உணர்த்துகிறது. முதன்முறை கொட்டுப்பட்டதற்காக அதில் பழிச்சொல் இல்லை. பொந்து எங்கே இருக்கிறது என்பதை ஒருவர் தாமே அறிய வேண்டும். கையைப் பிடித்து விலக்கிக்கொண்டே இருப்பவர்களாலும் அது முடியாது. பட்ட கையிலேயே மீண்டும் அடிப்பவர்களாலும் முடியாது.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நாம் வைக்கும் விண்ணப்பம் எளியது. நெருப்பிலும் கிணற்றிலும் சாலையிலும் பிள்ளை தவறும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. அங்கே பாய்ந்து தடுப்பதே கடமை. அட்டையும் பசையும் மண்ணும் மரமுமாக இறைவன் அமைத்துக் கொடுத்த சிறு உலகில், பிழையின் விலை ஒரு தாள் மட்டுமே ஆகும்போது, கையைப் பின்னே கட்டிக்கொள்ளுங்கள். இது என்ன என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுங்கள். சிரிக்கத்தக்கதாயிருந்தால் சேர்ந்து சிரியுங்கள். உங்கள் பிழையையும் பிள்ளைகள் முன் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளுதல் இழிவன்று என்பதை அவர்கள் வேறு எங்கே காண்பார்கள்?

நாம் அமைத்த பன்னிரண்டு படிகளையும் பிரித்தெடுத்துவிட்டோம். மேல்தளத்தில் வெட்டிய திறப்பை மட்டும் மூட இயலவில்லை. ஒட்டுப் போட்டால் தடம் தெரிகிறது. அப்படியே விட்டிருக்கிறோம். அரையாண்டு விடுமுறைக்கு வரும்போது வெளிப்பக்கமாகப் படி வைப்பதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள். அந்த ஓட்டையை என்ன செய்வாய் என்று கேட்டோம். "கீழ இருக்கறவங்களுக்கு வெளிச்சம் வரட்டும் நன்னா" என்றாள்.

மறந்தோ தவறியோ நாங்கள் செய்துவிட்டவற்றுக்காக எங்களைப் பிடித்துவிடாதே என்று இறைஞ்சும்படி திருமறை (2:286) நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் மறதிக்கும் தவறுக்கும் அதே பொறுமையை நாம் காட்ட வல்ல நாயன் அருள்வானாக. ஆமீன்.